கண்ணாடிக்காரரின் கச்சா எண்ணெய்

இனி எந்த மூக்கிலும் கண்ணாடி மாட்டுவதில்லை என்று கண்ணாடிக்காரர் அன்று காலை முடிவு செய்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மாட்டியாகிவிட்டது. சப்பை மூக்கு, கிளி மூக்கு, விலையைச் சொன்னதும் சிவந்துபோகிற மூக்கு, எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. நின்று நின்று முழங்கால்கள் எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி சத்தம் போட ஆரம்பித்துவிட்டன. கடை முதலாளியுடையது. முழங்கால் மட்டும்தான் அவருடையது.

"இன்னிக்கு வேலையை விட்டுடப் போறேன்," என்றார் மனைவியிடம்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கச்சா எண்ணெய் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சாவா? பிச்சுக்கிட்டுப் போகுது! போட்டது ரெட்டிப்பாயிடுச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே, ரோட்டுல வண்டி ஓடுற வரைக்கும் எண்ணெய் விழாதுன்னு."

"போன மாசம் விழுந்துச்சே?"

"அது விழலை. ஏறுறதுக்கு முன்னாடி மூச்சு வாங்கிச்சு."

"உங்களுக்கும்தான் வாங்குது. உக்காந்து பேசுங்க."

கண்ணாடிக்காரருக்குக் கையில் காசு இல்லாத காலத்திலும் சந்தையைப் பற்றிய அபிப்பிராயத்துக்குக் குறைவே இருந்ததில்லை. செம்பு ஏறினால் ஜனங்கள் வீடு கட்டுகிறார்கள் என்று அர்த்தம். தங்கம் ஏறினால் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து ஏறினால் பயந்துகொண்டே வீடு கட்டுகிறார்கள். ஃபண்டு என்பது சுயமாக யோசிக்கத் தெரியாதவர்கள் பணத்தைப் போட்டுவிட்டுத் தூங்குகிற இடம். இதையெல்லாம் கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் அவர் இலவசமாகச் சொல்வார். மூக்கு அவர் கையில் இருப்பதால் யாராலும் எழுந்து ஓட முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், குளியலறைக் கூரையைச் சரிசெய்ய வைத்திருந்த பணத்தை வெள்ளியில் போட்டார். வெள்ளி இறங்கியது. கூரையும் கொஞ்சம் இறங்கியது. அதற்குப் பிறகு மனைவி ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, யாரும் எதிர்பார்க்காததைப் பேசினாள்.

"என் சேமிப்பு மொத்தத்தையும் தரேன். சந்தையில போடுங்க. ஒண்ணே ஒண்ணு, கணக்கை என் தம்பிதான் ஆரம்பிச்சுக் குடுப்பான்."

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அறிவை நம்பி அவள் கொடுத்த முதல் மரியாதை அது. மச்சினன் வந்து போனில் என்னவோ இறக்கி, தமிழிலும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்றோடு அவர் தூக்கம் போனது. பருத்தியில் போட்டார், பருத்தி படுத்துக்கொண்டது. துத்தநாகத்தில் போட்டார். அது என்ன உலோகம் என்று விசாரிப்பதற்குள் பாதிப் பணம் கரைந்துவிட்டது. மனைவியிடம் சொல்ல தைரியமில்லை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் சாப்பிட உட்காருவார்.

"இன்னிக்கு எப்படிங்க?"

"லேசா ஏத்தம்."

"ஏத்தம்னா ஏன் முகம் இப்படிச் செத்துக் கிடக்கு?"

"அது களைப்பு."

அதில் பொய் இல்லை. லாபம் என்று பொய் சொல்வதைப் போலக் களைப்பான வேலை வேறு கிடையாது. இப்போதுதான் கச்சா எண்ணெய் வந்து காப்பாற்றியிருக்கிறது. இனிமேல் காலை நீட்டி உட்காரலாம்.

"அப்ப வேலையை விடவா?" என்றார் மறுபடியும். தடுப்பாள், அல்லது கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார்.

"சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க. அதைச் சரிபண்ணிட்டுப் போய் விடுங்க," என்றாள் அவள்.

கடையில் முதலாளி பெட்டியிலிருந்து ஃப்ரேம்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, நான் நாளையிலேர்ந்து வரலை. வேலையை விடறேன்."

"அப்படியா? சரி," என்றார் முதலாளி, தலையை நிமிர்த்தாமல். "டெய்லரம்மா வருவாங்க. அவங்க கண்ணாடியை மட்டும் மாட்டிக் குடுத்துட்டுப் போ."

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்கால் தேய உழைத்ததற்கு ஒரு "ஏன்" கூடக் கிடைக்கவில்லையே என்று கண்ணாடிக்காரருக்கு வலித்தது.

டெய்லரம்மா வந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய்ப் புதுக் கண்ணாடி செய்யக் கொடுத்திருந்தவள். கண்ணாடிக்காரர் கடைசி மூக்கு என்பதால் பொறுமையாக மாட்டினார். காதுக்குப் பின்னால் வளைத்து, திருகை இறுக்கி, தள்ளி நின்று பார்த்தார். படித்துப் பார்க்க வழக்கமாக ஒரு அட்டை கொடுப்பார். இன்றைக்கு அட்டை எதற்கு? போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"இதைப் படிங்கம்மா. பச்சையில இருக்கே, அதெல்லாம் என் லாபம்."

"அடேயப்பா! இவ்வளவாண்ணே?"

"எல்லாம் மூளை. எழுத்து தெளிவா இருக்கா?"

"நல்லாத் தெரியுது. மேல பொடி எழுத்துகூடத் தெரியுதே."

"பொடி எழுத்தா?"

கண்ணாடி விற்கிறவனே கண்ணாடி போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் கொள்கை. போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத்தான் பார்ப்பார். பச்சையும் சிவப்பும் தெரிந்தால் போதாதா?

டெய்லரம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பயிற்சிக் கணக்கு. இதில் உள்ளது உண்மைப் பணம் அல்ல."

"இன்னொரு தடவை படிங்க."

படித்தாள். சந்தேகம் தீராமல் அவள் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தானே மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடி பிரமாதமாக வேலை செய்தது.

வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு வருஷமா என்னைப் பொம்மைக் காசுல விளையாட விட்டியா?"

"தெரிஞ்சிடுச்சா?" என்றாள் மனைவி, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "தம்பி ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிடுவீங்கன்னான். நான்தான் மாட்டீங்கன்னேன்."

"பருத்தியில பணம் போனப்போ நான் ராத்திரி பூரா உருண்டேனே! அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"லேசா ஏத்தம்னுதானே சொன்னீங்க? ஏத்தத்துக்கு யாராவது ஆறுதல் சொல்வாங்களா?"

அவருக்குக் கோபம் வந்தது. செருப்பைக் கழற்றி மூலையில் வீசினார்.

"அப்ப நிஜப் பணம்?"

"ஒரு ஃபண்டுல போட்டுட்டேன். அதுபாட்டுக்கு ஏறிக்கிட்டு இருக்கு. கூரைக்கு ஆள் வரச் சொல்லியாச்சு."

"சந்தை எப்படிப் போகுதுன்னு பாக்காமலேவா?"

"அதான் நீங்க பாத்துட்டு இருந்தீங்களே. வீட்டுக்கு ஒருத்தர் கஷ்டப்பட்டாப் போதாதா?"

கண்ணாடிக்காரர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். அவமானமாக இருந்தது. அவள் நம்பினாள் என்று கலங்கிய கண்ணை நினைத்தால் இன்னும் அவமானமாக இருந்தது. ஆனாலும் அந்த அவமானத்துக்கு அடியில், வெளியே சொல்ல முடியாத ஒரு நிம்மதியும் இருந்தது. தொலைத்தது எதுவும் தொலையவில்லை. அப்பாடா என்று மூச்சை விட்டவர், பாதி மூச்சில் துள்ளி எழுந்தார்.

"ஐயையோ! வேலையை விட்டுட்டேனே! முதலாளி சரின்னுட்டாரே!"

மனைவி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"நீங்க கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயே அவருக்கு போன் பண்ணி, இன்னிக்கு வந்து சும்மா ராஜினாமா பண்ணிப் பழகுவாருன்னு சொல்லிட்டேன்; நாளைக்கு அரைமணி முன்னாடியே வரச் சொன்னார்."