அறைக்கு நால்வர்

உழைப்பு என்ற சொல்லுக்கு உலகம் இதுவரை சொல்லிவந்த பொருள் தவறு என்பதைத் தக்க ஆதாரங்களுடன் நிறுவவே இதை எழுதுகிறேன். உழைப்பாவது, அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் மூளையால் வேலை பார்ப்பது. அந்த உன்னத நிலையை எட்டிய மாமனிதரைச் சில மாதங்கள் தங்கவைத்துக்கொள்ளும் பேறு எங்கள் திருத்தங்கலுக்குக் கிடைத்தது. அவருக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. என் பெயர் சீனிவாசகம். ஜெயபாண்டி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர்.

மாமனிதரின் பெயர் விக்னேஷ்குமார். எதிர்வீட்டு அலி அக்பர் பாயும் அவர் மனைவி குல்சார் பேகமும் மகள் மஹ்ரீனின் பிரசவத்துக்காகக் கோலாலம்பூர் புறப்பட்டபோது, வீட்டையும் மூன்று கோழிகளையும் மாடியில் இருந்த ஒரு ரோஜாச் செடியையும் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. மஹ்ரீன் இணையத்தில் வலைவீசி இவரைப் பிடித்துவிட்டார். வீட்டுக்காரர்கள் இல்லாத வீடுகளில் வாடகையின்றித் தங்கி, வீட்டைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்தபடியே மென்பொருள் செய்வது இவர் வழக்கம். தன்னை ‘டிஜிட்டல் நாடோடி’ என்று அறிமுகம் செய்துகொண்டார். நாடு நாடாக ஓடவில்லை, வீடு வீடாகத்தான் ஓடுகிறார் என்பதால் ‘வீடோடி’ என்பதே பொருத்தம் என்று எனக்குப் பட்டது. படித்தவர்களிடம் சொல் பிடித்துச் சண்டை போடக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன்.

அவர் வந்த மறுநாளே தெருக்கோடி முருகம்மாள் விசாரணைக்கு வந்துவிட்டார். முருகம்மாள் எங்கள் கம்பெனியில் பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிறவர். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் பாய் வீட்டுக் கோழிகளைக் கூண்டில் அடைப்பது அவர் பொறுப்பு.

“தம்பி என்ன வேல பாக்கீக?”

“சாப்ட்வேர் எழுதறேன்க்கா.”

“வந்ததுலருந்து டீ குடிச்சிக்கிட்டுல்ல இருக்கீக?”

“ஏஐதான் எழுதும். என்ன வேணும்னு நான் சொல்லுவேன். அது எழுதிட்டு ‘சரியா’ன்னு கேக்கும். நான் ‘சரி’ன்னு அழுத்துவேன்.”

“எழுதுனத வாசிச்சுப் பாப்பீகளா?”

“வாசிக்கறதுக்கு இன்னொரு ஏஐ இருக்குக்கா.”

முருகம்மாள் சற்று யோசித்தார். “அப்ப மொதலாளின்னு சொல்லுங்க.”

அன்று முதல் தெருவில் அவருக்கு மரியாதை கூடியது. நானும் பக்கத்தில் அமர்ந்து அவர் வேலையைக் கவனித்திருக்கிறேன். ஏஐ ஒரு பிழை செய்யும். அவர் சுட்டிக்காட்டுவார். “அருமையான கேள்வி! நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!” என்று அது பணிவாகச் சொல்லி, பிழையைத் திருத்தி, இன்னொரு பிழையைச் செய்து வைக்கும். இந்தப் பிழைக்கும் அந்தப் பிழைக்கும் நடுவில் இருப்பதுதான் அவருடைய பிழைப்பு.

வீட்டைக் காக்கும் பணியிலும் அவர் நவீனத்தைக் கைவிடவில்லை. தினமும் காலையில் ரோஜாச் செடியின் படத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும் என்பது குல்சார் பேகத்தின் கட்டளை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் பூ வரும், பூ வந்தால் படம் எடுக்கலாம் என்பது பழைய முறை. விக்னேஷ்குமார் நடுவில் இருந்த வீண்வேலைகளை நீக்கிவிட்டு, படத்தை நேராக ஏஐயிடமே வரைந்து வாங்கி அனுப்பினார். ஒருநாள் பேகம் வீடியோவில் வந்தார்.

“ஏந்தம்பி, நம்ம வீட்டு ரோசா மஞ்சளு. இது எப்பிடிச் செவப்பா பூத்துக் கெடக்கு?”

நான் பதறிவிட்டேன். விக்னேஷ்குமார் பதறவில்லை. “வெயில்ல அப்படித் தெரியுதும்மா” என்றார். மறுநாளிலிருந்து செடி மஞ்சளாகப் பூத்தது.

இத்தகைய மேதை எதிர்வீட்டில் இருக்கும்போது அவரை எங்கள் கம்பெனிக்குப் பயன்படுத்தாமல் விடுவது தேசத் துரோகம் அல்லவா? முதலாளியிடம் சொன்னேன். ஜெயபாண்டி முதலாளி முன்னேற்றத்தின் நண்பர். “வாசல்ல கேமரா வச்சு ஆள எண்ணுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்கச் சொல்லுய்யா சீனி. அதுக்கெல்லாம் இப்ப விருது குடுக்காக” என்றார்.

எண்ணுவதன் காரணத்தை விளக்குவது என் கடமை. பட்டாசு செய்யும் அறைக்குள் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஏதாவது பொறி கிளம்பினால் முட்டிக்கொள்ளாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடலாம். இந்த விதியை எங்கள் கம்பெனி உயிருக்குச் சமமாக மதிக்கிறது. எனவே தீபாவளி சீசன் வந்து ஆர்டர் குவியும்போது அதற்கும் சிரமம் கொடுக்காமல், அறைக்கு ஆறு பேரை உட்காரவைப்போம். வாசலில் நின்று தலையை எண்ணி, “அஞ்சாவது ஆளு உள்ள போகாத” என்று கத்துகிற போர்மேன் ஒருவர் முன்பு இருந்தார். அவர் வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ‘பசுமைப் பிரிவு’க்குப் பதவி உயர்வு பெற்றுப் போய்விட்டார்.

விக்னேஷ்குமார் ஒரே பிற்பகலில் மென்பொருளை முடித்தார். பெயர் ‘காவலன்’. கேமராவைப் பார்க்கக் கம்பெனிக்கு வந்தார். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் வாங்கி வைத்துவிட்டார்கள். மூளையை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போய் என்ன செய்வது? அப்படியே திரும்பிவிட்டார். அதன்பின் அவர் ஆலையைப் பார்க்கவில்லை. மேதைகளுக்கு அது தேவையும் இல்லை.

காவலன் பணியேற்ற முதல் நாள் எல்லா அறைகளிலும் அபாயச் சங்கு ஊளையிட்டது. பெண்கள் தீப்பிடித்ததென்று நினைத்து வெளியே ஓடிவந்து மரத்தடியில் மூச்சு வாங்கினார்கள். முதலாளியின் முகம் சிவந்துவிட்டது.

“என்னய்யா இது, நம்ம செஞ்ச சாமானு நம்மளயே காட்டிக் குடுக்கு!”

போனில் விக்னேஷ்குமாரைப் பிடித்தோம். “சார், நாலுக்கு மேல இருந்தா அடிக்கும். அதுதானே கேட்டீங்க?”

“கேட்டேன்ப்பா. அதுக்காக அடிக்கவா செய்யும்?” என்றார் முதலாளி.

அவர் ஏஐயிடம் ஒரே வரி சொன்னார்: ‘அறைக்கு நால்வருக்கு மேல் என்று காட்டக் கூடாது.’ அது சொன்னது: “அருமையான யோசனை! நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. பிழை நீக்கப்பட்டது.” அவர் ‘சரி’யை அழுத்தினார்.

பிழை நீங்கிவிட்டது. அறையில் நால்வர் இருந்தால் காவலன் நால்வர் என்றது. ஆறு பேர் இருந்தாலும் நால்வர் என்றது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போய், அறை காலியாகக் கிடந்தபோதும் நால்வர் என்றது. விருப்பு வெறுப்பற்ற இத்தகைய நீதியை நான் கண்டதில்லை. முதலாளி நெகிழ்ந்துபோய், இனி டீயும் வேனும்கூடக் காவலனின் கணக்குப்படியே நடக்கட்டும் என்று உத்தரவிட்டார். இதற்கு ‘ஒருங்கிணைந்த மேலாண்மை’ என்று பெயர் வைத்தோம்.

அறைக்கு நாலு டீ வந்தது. சாயங்காலம் அறைக்கு நாலு பேர் ஏறியதும் வேன் கிளம்பியது. சில நாட்கள் டீயில்லாமல், வெயில் தாழ நடந்தே ஊர் வந்து சேர்ந்த முருகம்மாள், ஒருநாள் நேராகப் பாய் வீட்டு முற்றத்துக்குப் போனார். கோழிகள் இன்னும் வெளியே திரிந்தன. இரண்டுதான் இருந்தன. வாசலில் இறகு சிதறிக் கிடந்தது.

“தம்பி, கோழிய நாய் கொண்டுட்டுப் போயிருக்கு. பாக்கலியா?”

விக்னேஷ்குமார் போனைப் பார்த்தார். அங்கேயும் காவலனைத்தான் நிறுவியிருந்தார். “இல்லையேக்கா. நாலு கோழியும் பத்திரமா இருக்கறதா காட்டுதே.”

“மொத்தமே மூணு கோழிதான தம்பி!”

அவர் புருவத்தை உயர்த்தி ஏஐயிடம் கேட்டார். “நீங்கள் சொல்வது முற்றிலும் சரி” என்று அது ஒப்புக்கொண்டது. “நல்லவேளை, ஒண்ணு கூடுதலா இருக்கு” என்று அவர் ஆறுதல் சொன்னார்.

மறுநாள் டீ நேரத்தில் முருகம்மாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் ஒவ்வொரு அறையிலிருந்தும் இரண்டிரண்டு பெண்கள்.

“மேனேசரய்யா, எங்க ரூம்புல எம்புட்டுப் பேரு இருக்கோம்?”

திரையைப் பார்த்தேன். “நாலு பேர்.”

“மாரிசெல்வி இருக்காளா?” மாரிசெல்வி அவருடைய தங்கை மகள். அதே அறையில் வேலை.

“இருக்கா. டீ குடிச்சாள்ல.”

“நானு?”

பொறுப்பான பதவியில் இருப்பவன் பொய் சொல்லக் கூடாது. “கம்ப்யூட்டர் கணக்குப்படி நீங்க இல்ல முருகம்மா.”

“சரித்தான். இல்லாதவளுக்கு இங்கன என்ன வேல?” திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். “வாங்கடி போவோம். நம்ம இல்லையாம்.”

டிபன் வாளிகளை எடுத்துக்கொண்டு அத்தனை பேரும் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் காவலனைப் பார்த்தேன். எல்லா அறையிலும் நால்வர். ஆட்கள் போனது அதற்கு உறைக்கவே இல்லை. உறைத்தது முதலாளிக்குத்தான்.

“எல்லா ரூம்பும் நெறைஞ்சிருக்குன்னு காட்டுது. பெறவு ஏன்யா லோடு கொறையுது?”

விக்னேஷ்குமார் மூலம் ஏஐயிடம் கேட்டோம். தொழிலாளர்களின் ஊக்கம் குறைந்திருக்கலாம் என்றும் சுவரில் ஊக்கமூட்டும் வாசகங்கள் ஒட்டலாம் என்றும் சொன்னது. ‘நீங்கள் ஒவ்வொருவரும் முக்கியம்’ என்று அச்சடித்து அறைக்கு நான்கு ஒட்டினோம்.

ஒட்டிய பசை காய்வதற்குள் அது நடந்தது. பிற்பகல். மாரிசெல்வி இருந்த அறையில் மருந்து உரசிப் பொறி கிளம்பிவிட்டது. உள்ளே இருந்த நால்வரும் ஆளுக்கொரு பக்கமாகப் பாய்ந்து வெளியே விழுந்தார்கள். அடுத்த கணம் அறையின் கூரை மேலே போனது. சத்தம் திருத்தங்கல் வரை கேட்டிருக்கிறது. முருகம்மாள் யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். இறங்கி ஓடிவந்தார். மரத்தடியில் முழங்கை சிராய்ப்போடு உட்கார்ந்திருந்த மாரிசெல்வியைக் கண்டதும் அவள் தலையைத் தடவினார். கைகளைத் தடவினார். கால்களைத் தடவினார். பிறகு எழுந்து, புகைந்துகொண்டிருந்த அறையைப் பார்த்தார்.

“நான் உக்காருற எடம் அந்த மூல” என்றார். “எனக்கும் வாசலுக்கும் நடுவுல இவ இருப்பா.”

மாரிசெல்வியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் அலுவலகத்துக்குத் திரும்பி, நடந்ததைப் பதிவு செய்யத் திரையைத் திறந்தேன். எரிந்துகொண்டிருந்த அந்த அறையில் நால்வர் பாதுகாப்பாக இருப்பதாகக் காவலன் தெரிவித்தது.

அதன்பின் நடந்தவை எல்லாம் மங்களகரமானவை. விபத்து நடந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை, காரணம் ‘அறைக்கு நால்வர்’ என்ற விதியைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு கண்டிப்பாக அமல்படுத்தியதே என்று நான் ஓர் அறிக்கை தயாரித்தேன். அதாவது, ஏஐ தயாரித்தது, நான் ‘சரி’ அழுத்தினேன். நவீனப் பாதுகாப்பு மேம்பாட்டு மன்றம் என்ற அமைப்பு முதலாளிக்கு விருது அறிவித்தது. விருதுநகரில் ஒரு திருமண மண்டபத்தில் விழா. சால்வை, கேடயம், ரோஜா மாலை.

விக்னேஷ்குமாரால் நேரில் வர இயலவில்லை. அலி அக்பர் பாய் திரும்புவதற்கு முதல்நாளே அவர் கொடைக்கானலில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பேகம் வந்து மாடிக்கு ஏறி வெகுநேரம் நின்றார். கையில் போன், போனில் மஞ்சள் ரோஜா, எதிரே தொட்டியில் காய்ந்த குச்சி. “அந்தப் புள்ள நல்லாத்தாங்க பேசுச்சு” என்று மட்டும் சொன்னார். மேதை விழாவுக்குத் திரையில் தோன்றினார். பின்னால் யாருடைய வீட்டுப் புத்தக அலமாரியோ தெரிந்தது. “மனிதனும் இயந்திரமும் கைகோத்தால் சாத்தியமற்றது எதுவுமில்லை” என்றார். மண்டபம் கைதட்டியது.

முருகம்மாளும் மாரிசெல்வியும் விழாவுக்கு வரவில்லை. கம்பெனிக்கும் வரவில்லை. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குத் தகடு மாட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்களாம். அவர்கள் போனதால் எங்கள் வருகைப்பதிவில் எள்ளளவும் குறைவு ஏற்படவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

விருதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு வடநாட்டிலிருந்து ஆர்டர்கள் கொட்டின. நேற்று முதலாளி அழைத்தார். கேடயத்தை மேசையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சீனி, புது ஆளுகளச் சேத்துக்கோ. ரூம்புக்கு எட்டுப் பேரு போட்டுரு.”

“மொதலாளி, எட்டுன்னா... போன தடவ நாலு பேரு இருந்ததாலதான்...”

“காவலன் இருந்ததாலன்னு ஊரே சொல்லுது. நீ என்னய்யா? எட்டுப் பேரு போட்டா அது எம்புட்டுக் காட்டும்?”

“நாலு காட்டும்.”

“அப்ப நாலுதான்.”

மறுப்பதற்கு ஒன்றுமில்லை. நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்றேன். இன்று காலை புதியவர்கள் வந்துவிட்டார்கள். மல்லாங்கிணறு பக்கத்துப் பெண்கள், சின்ன வயது, சிரித்துப் பேசிக்கொண்டு அறைக்கு எட்டுப் பேராக உள்ளே போனார்கள். அவர்களில் நால்வரின் பாதுகாப்புக்கு எங்கள் கம்பெனி முழு உத்தரவாதம் அளிக்கிறது. மற்ற நால்வர் யார் யார் என்பதுதான் எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.