மஞ்சள் துண்டும் இரண்டாம் பாகமும்

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் அழப்போவதில்லை.

இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தால் வம்பே இல்லை. அதிகாலைப் பூசை முடிந்து தெருவே கோயில் வாசலில் நின்று சுடச்சுட பிபிங்கா என்ற அரிசி அப்பம் தின்றுகொண்டிருந்தபோது, வாய் நிறையத் தேங்காய்த் துருவலோடு சத்தமாகச் சொல்லித் தொலைத்தேன்.

காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் 'ஐந்து தட்டு' என்று ஒரு குடும்பப் படம் வந்தது. கிறிஸ்துமஸ் மத்தியானம் சாப்பிட்ட கையோடு குடும்பம் குடும்பமாகத் தியேட்டருக்குப் போவது எங்கள் மரிகினா நகரில் வழக்கம். போனோம். படத்தில் ஒரு மகள் வேலைக்காகத் துபாய் போகிறாள். அன்று இரவும் அப்பா மேசையில் அவளுடைய தட்டையும் சேர்த்து வைக்கிறார். அவ்வளவுதான். நான் உடைந்துவிட்டேன். முன் வரிசைக்காரர் பயந்துபோய் எழுந்து, "இங்க டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். அப்படி ஓர் அழுகை.

அன்றோடு தொமினதோர் என்ற என் பெயர் போயிற்று. நான் 'மாங் கிரிபோ' ஆனேன். எங்கள் ஊரில் மாங் என்பது பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை; கிரிபோ என்றால் தண்ணீர்க் குழாய்.

போனால் போகட்டும் என்று விட முடியாது. எங்கள் தெருக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நான்தான் நடுவர். நான் விசில் ஊதினால் ஆறடிப் பையன்கள் நடுங்க வேண்டும். இப்போது என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "ரொம்ப எதுத்துப் பேசாதீங்கடா, பெரியவர் தெறந்துவிட்டுடப் போறாரு!" ஜனவரியில் போட்டி ஆரம்பம். அதற்குள் இந்தப் பெயர் ஒழிந்தாக வேண்டும். இந்த நேரம் பார்த்து அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது.

"நீயாவது, அழாம இருக்கறதாவது?" என்றான் இசகானி. பக்கத்து வீட்டுக்காரன். அவன் மகனுக்கு நான் ஞானத்தந்தை; அந்த உறவில் என்னை 'பாரே' என்பான். குழாய்ப் பெயரைச் சூட்டிய புண்ணியவானும் அவனே. "பாரே, நீ போஸ்டரப் பாத்தாலே ஒழுகுவியே!"

"பார்ட் டூ எல்லாம் சூடு பண்ண பழைய கொழம்பு. முதல் பாகத்துக்கு எந்தக் காலத்துலயும் ஈடாகாது. அதுக்குப் போயி எவன் அழுவான்?"

"அப்படியா, மஹால்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

என் மனைவி. முடி வெட்டும் பார்லர் வைத்திருக்கிறாள். பெயர் லுஸ்விமிந்தா. லுசோன், விசயாஸ், மிந்தனாவோ என்று நாட்டின் மூன்று பகுதிகளையும் சேர்த்துக் கட்டிய பெயர். மொத்த நாட்டையும் எதிர்த்து ஒரு தனி மனிதன் எத்தனை நாள் தாங்குவான்? மிந்தா என்று சுருக்கிக் கூப்பிட்டுப் பார்த்தேன். பெயர்தான் சுருங்கியது. மஹால் என்றால் அன்பே என்று அர்த்தம். அவள் என்னை அன்பே என்றால் எனக்கு ஏதோ ஆப்பு தயார் என்றும் அர்த்தம்.

"சரி, ஒரு பந்தயம்," என்றாள். "இருபத்தஞ்சாம் தேதி மூணு மணி ஆட்டம். தெருவே போறோம். நீ அழாம உக்காந்துட்டா, வீட்டு வாசல்ல மைக்கப் புடிச்சு நானே சொல்றேன், இனிமே இவர யாரும் கிரிபோன்னு கூப்பிடக் கூடாதுன்னு."

"அழுதுட்டா?"

"அதே மைக்குல அந்தப் படத்துப் பாட்ட நீ பாடணும். அழுதுக்கிட்டே."

பிபிங்கா மேல் சத்தியம் செய்து ஒப்புக்கொண்டேன்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். பழைய குழம்பு என்றதெல்லாம் சும்மா. இரண்டாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் குளியலறையில் ஒளிந்து பார்த்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதவன் நான். அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று? மகள் திரும்பி வந்தாளா? அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா? சொந்தக்காரர்களைப் பற்றிக்கூட நான் இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

அப்போதுதான் மூளையில் பொறி தட்டியது. கண்ணீர் என்பது என்ன? தொட்டித் தண்ணீர். காலைக் காட்சிக்குத் தனியாகப் போய் மொத்தத்தையும் கொட்டிவிட்டால், மூன்று மணிக்குத் தொட்டி காலி! மொத்த நாட்டுக்கும் தண்ணி காட்டிவிடலாம்!

கிறிஸ்துமஸ் காலை. விருந்துக்கு வாங்கிய ஒரு முழுப் பன்றித்தொடை ஹாமைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்தேன்.

"எங்க?"

"கூபாவ்ல பழைய சிநேகிதன் ஒருத்தன். பாவம், தனியா இருக்கான். இதக் குடுத்துட்டு வந்துடறேன்."

"நல்ல மனசு, மஹால்." சொல்லிக்கொண்டே ஒரு மஞ்சள் துண்டை என் தோளில் போட்டாள். நல்ல எலுமிச்சை மஞ்சள். இருட்டிலும் தெரியும். "வேர்க்கும். தொடச்சுக்க. தோள்லேருந்து எடுக்காத, சளி புடிக்கும்."

டிசம்பர் மாதத்தில் வேர்க்குமா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அன்பு என்று நினைத்தேன்.

கூபாவில் ஒரு பழைய தியேட்டர். எங்கள் தெருக்காரர்கள் ஒருவரும் வர மாட்டார்கள். பக்கத்து இருக்கையில் ஹாமை உட்கார வைத்தேன். படம் ஆரம்பித்தது.

என்ன சொல்ல! நன்றாக எடுத்த இரண்டாம் பாகம் என்றால் இதுதான். முதல் பாகத்தைத் திருப்பிப் போடவில்லை. கூடுதலாக நாலு சண்டை, மூணு வில்லன் என்று ஊதிப் பெருக்கவில்லை. அதே வீடு, அதே மேசை, அதே விரிசல் விட்ட நீலத் தட்டு. ஆனால் எல்லாருக்கும் வயசாகியிருக்கிறது. எனக்கும்தானே ஆகியிருக்கிறது! மகள் துபாயிலிருந்து திரும்புகிறாள். கூடவே ஒரு சின்னப் பெண் குழந்தை. வீட்டில் யாருக்கும் தெரியாது. வாசலில் பயந்து நிற்கிறாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அலமாரிக்குப் போய் ஒரு சின்னத் தட்டை எடுத்து வந்து மேசையில் வைக்கிறார். புதுசு இல்லை. என்றைக்காவது தேவைப்படும் என்று எப்போதோ வாங்கி வைத்து, தினமும் துடைத்துக்கொண்டிருந்த தட்டு.

நான் ஹாமைக் கட்டிக்கொண்டேன். துண்டு போதவில்லை.

வெளியே வந்தால், வாசலில் ஒரு சின்னப் பெண் கைப்பேசியை நீட்டினாள். "தாத்தா, படம் எப்படி? ரெண்டு வார்த்த சொல்லுங்க." ஏதோ காலேஜ் பிள்ளை என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்திருக்கிறது. சொல்ல ஆளில்லை. கேட்டதும் கொட்டிவிட்டேன். பிறகு ஹாமைத் தியேட்டர் காவலாளிக்குக் கொடுத்து, "மெர்ரி கிறிஸ்துமஸ்!" என்று சொல்லி வீடு வந்தேன்.

மூன்று மணி. தெருவே வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் மிந்தா, மறு பக்கம் இசகானி. இருவரும் திரையைவிட என் கண்ணைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

மகள் வாசலில் நின்றாள். எனக்கு ஒன்றுமில்லை. மணல் மாதிரி காய்ந்த கண். ஆனால் இசகானி! அவன் உதடு துடித்தது. மூக்கு உறிஞ்சியது. தோள் குலுங்கியது. பெருந்தன்மையோடு துண்டை நீட்டினேன்.

"இன்னும் தட்டே வரல," என்றாள் மிந்தா காதோரம். "அதுக்குள்ள துண்டு குடுக்கற?"

"எந்தத் தட்டு?" என்றேன் அப்பாவியாக.

தட்டு வந்தது. இசகானி வெடித்தான். "பாரே... இந்தத் துண்டு ஏன் ஏற்கனவே நனைஞ்சிருக்கு?"

"வேர்வ."

"ஏசியிலயா?"

"எனக்கு வேர்க்கும். படத்தப் பாரு."

விளக்கு எரிந்தபோது தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. கண் இமைக்காமல் நின்றேன். கன்னத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவினார்கள். காய்ந்த கன்னம்! பையன்கள் என்னைத் தோளில் தூக்காத குறை. "மாங் தொமினதோர்!" என்று என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அந்தப் பெயர் இவ்வளவு அழகு என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. இசகானியை யாரோ அப்போதே 'குட்டி கிரிபோ' என்றார்கள். சந்தோஷத்தில் மிதந்தேன்.

சாயங்காலம் எங்கள் வாசலில் விடியோகே பாட்டுக் கச்சேரி. பெரிய திரை, ஒலிபெருக்கி, தெரு முழுக்க நாற்காலி. மிந்தா மைக்கைப் பிடித்தாள். சொன்ன சொல் தவறாதவள்.

"எல்லாரும் கேளுங்க. மூணு மணி ஆட்டத்துல என் வீட்டுக்காரர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. நான் தோத்துட்டேன். இனிமே இவர யாரும் கிரிபோன்னு கூப்பிடக் கூடாது."

கைதட்டல். நான் எழுந்து, சுற்றித் திரும்பி, வணங்கினேன். ஜனவரியில் விசில் ஊதப்போவதை நினைத்தேன். புல்லரித்தது.

"இப்ப," என்றாள் மிந்தா, "படக்காரங்களோட நெட் பக்கத்துல ஒரு வீடியோ வந்திருக்கு. தெரு முழுக்கப் பாக்கணும், மஹால்."

மஹால்! திரையில் கூபாவ் தியேட்டர் வாசல். மஞ்சள் துண்டு போட்ட ஒரு கிழவர் ஹாமைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார். "அந்தச் சின்னத் தட்டு இருக்கே, பாப்பா... அந்தச் சின்னத் தட்டு..." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாயங்காலம் வரைக்கும் இத யாருக்கும் சொல்லிடாத. முக்கியமா என் பொண்டாட்டிக்கு."

தெரு அதிர்ந்தது. இசகானி நாற்காலியிலிருந்து விழுந்தே விட்டான்.

"எப்படி..." என்றேன்.

"அந்தப் பொண்ணு என் பார்லர்ல முடி வெட்டிக்கிறவ. அந்தப் படத்துக்கு விளம்பர வேல பாக்கறா. கல்யாணத்துக்கு முன்னாடி நாம படம் பாத்த தியேட்டர விட்டா ஒளிஞ்சு போக ஒனக்கு வேற எடம் ஏது? கூட்டத்துல எப்படிக் கண்டுபிடிக்கன்னு கேட்டா. மஞ்சத் துண்டுன்னு சொன்னேன்."

"நீதான் இப்பத் தடை போட்ட! கிரிபோன்னு கூப்பிடக் கூடாதுன்னு!" என்று கத்தினேன்.

"ஆமா, கூப்பிட மாட்டாங்க," என்றாள். தெருப் பையன்கள் அதற்குள் ஒரே குரலில் ஆரம்பித்துவிட்டார்கள். "கிரிபோ, பார்ட் டூ! கிரிபோ, பார்ட் டூ!"

மிந்தா மைக்கை என் கையில் கொடுத்து, பாட்டைத் தட்டிவிட்டு, ஆசையாக என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது.

"பார்ட் டூ முதல் பாகத்துக்கு ஈடாகாதுன்னியே, மஹால். ஒன்னோட பார்ட் டூ முதல் பாகத்தையே முழுங்கிடுச்சு பாரு!"