பருப்புக்குள் போன வாக்கு

குளியலறைக் கதவை உள்ளே பூட்டிவிட்டு, செல்வராசா சலவை இயந்திரத்தின் மேல் வாக்குச்சீட்டை விரித்தார். கதவு தட்டப்பட்டது.

"அத்தான், ஒரு நிமிசம். போட முதல் உங்களோடை ஒரு கதை கதைக்கவேணும்."

ஜெயகாந்தின் குரல். மனைவி சுந்தரேஸ்வரியின் தம்பி; நகரசபைத் தேர்தலில் அவர்கள் வட்டாரத்து வேட்பாளர்.

"வயித்துக்கை சரியில்லை மச்சான். பிறகு கதைப்பம்," என்றார் செல்வராசா. பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்கக் கூடாதென்று தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டார்.

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு சின்னக் கட்சிக்கு ஆள் தட்டுப்பாடு வந்தபோது, தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியவள் சுந்தரேஸ்வரிதான். அவன் கையெழுத்து வைக்கும் வரைக்கும் கதிரைக்குப் பின்னால் நின்றாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. தேர்தல் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சனத்தை வாக்குச்சாவடிக்கு ஏற்றிப்போக வான் வண்டி பிடித்தாயிற்று. திரும்பி வந்தால் புரியாணி.

செல்வராசாவோ மனதுக்குள் அவனை எதிர்த்து நின்ற பிறிற்றா என்ற ஜெர்மன்காரிக்கு வாக்கை எழுதி வைத்திருந்தார். மேட்டில் இருக்கும் டொக்டர் வீட்டுக்கு பஸ் விடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். முழங்கால் வலிக்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் இடது கன்னம் துடிக்கும். வானில் மனைவிக்குப் பக்கத்தில் இருந்து போய்வந்தால் கன்னமே காட்டிக்கொடுத்துவிடும்.

மகள் ஆதிரைதான் வழி சொன்னாள். "பிறீஃப்வாலுக்கு, அதுதான் தபால் வாக்குக்கு, விண்ணப்பம் போடுங்கோ அப்பா. எல்லாம் தபாலிலை வரும். வீட்டிலை இருந்து போட்டு அனுப்பலாம். ஏன் எதுக்கெண்டு ஒருத்தரும் கேக்காயினம்."

ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் உறை வந்த நேரம் தபால்பெட்டியைத் திறந்தது சுந்தரேஸ்வரி.

"தம்பி, உன்ரை அத்தானுக்கு ஞாயிறு மட்டும் பொறுக்க ஏலாதாம். முந்தியே போடப் போறார்," என்று போனில் அவள் பெருமையாகச் சொல்ல, ஜெயகாந்த் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தான். வந்தவன் கதவடியை விட்டு அசையவில்லை.

"அத்தான், புள்ளடி போட்டிட்டியளோ?"

செல்வராசா பதறிப்போய் பிறிற்றாவுக்குப் புள்ளடி போட்டு, கையில் அகப்பட்ட தாள்களையெல்லாம் நீல உறைக்குள் திணித்து, நக்கி ஒட்டினார். வெளியே வந்து, "அவசரமா வெளிக்கிடவேணும்," என்று சொல்லி மச்சானைத் தாண்டிக்கொண்டு ஆதிரையின் அறைக்குள் புகுந்தார்.

ஆதிரை உறையைத் தடவிப் பார்த்தாள். "கையெழுத்து வைச்ச வால்ஷைன், அந்த வாக்காளர் அத்தாட்சித் தாள், எங்கை?"

"உள்ளுக்கை."

"அப்பா, நீல உறைக்குள்ளை வாக்குச்சீட்டு மட்டும்தான் வைக்கவேணும். வால்ஷைனையும் நீல உறையையும் சேத்துச் சிவப்பு உறைக்குள்ளை வைக்கவேணும். இப்பிடி அனுப்பினால் உங்கடை வாக்குச் செல்லாது."

ஜெயகாந்த் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. ஆவியில் பிடித்தால் பசை இளகும் என்று செல்வராசா உறையைக் கொண்டுபோய்ப் பிடித்தார். பசை இளகத் தொடங்கிய நேரம் பார்த்து சுந்தரேஸ்வரி குசினிக்குள் வந்தாள். அவர் உறையைப் பக்கத்துச் சட்டிக்குள் போட்டு மூடியால் மூடினார்.

"என்ன மூடுறியள்?"

"பருப்பு ஆறப்போகுது."

கன்னம் துடித்தது. அவள் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, மூடியைத் திறந்து, பார்க்காமலே அகப்பையால் நன்றாகக் கிளறினாள்.

பருப்பிலிருந்து வெளியே வந்த நீல உறை பச்சையாக மாறியிருந்தது. மேலே ஒரு கருவேப்பிலை. சுந்தரேஸ்வரிக்குக் கண் கலங்கிப்போயிற்று, வாக்குத் தம்பிக்குரியது என்றே நினைத்தபடியால். "இஞ்சேருங்கோ, அவனுக்காக இந்தப் பாடு படுறியளே," என்றாள். உடனே தம்பிக்கும் போன் போட்டாள். "அத்தானை வால்அம்ருக்கு, தேர்தல் கந்தோருக்கு, கூட்டிக்கொண்டு போ. அங்கை புதுச்சீட்டுக் குடுப்பினமாம். நானும் வாறன்."

காரில் அக்கா முன்னுக்கு இருந்தாள். ஜெயகாந்த் கண்ணாடியில் செல்வராசாவையே பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு தரம் தொண்டையைச் செருமினான். செல்வராசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே போய்ச் சேர்ந்ததும், கார் நிறுத்தத் துண்டு எடுக்கவென்று சுந்தரேஸ்வரி இறங்கிப் போனாள். ஜெயகாந்த் பாய்ந்து வந்து கையைப் பிடித்தான். "அத்தான், இப்ப சொல்லிப்போட வேணும்..."

"உள்ளுக்கை போட்டு வாறன் மச்சான்." செல்வராசா முழங்காலையும் மறந்து படியேறினார்.

மேசையில் இருந்த ஜெர்மன் பெண், உறையைப் போட்டுக் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"என்னுடைய வாக்கு."

"பையெல்லாம் மஞ்சளாக இருக்கிறதே?"

"அது பருப்பு."

அவள் பையை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். பழையதைச் செல்லாததாக்கி, புதிதாக எல்லாம் கொடுத்து, "இங்கேயே போட்டுவிட்டுப் போகலாம்," என்று மூலையில் இருந்த மறைப்பைக் காட்டினாள். மூச்சு வாங்க வந்த ஜெயகாந்த் பின்னாலேயே நுழையப் பார்த்தான்.

"ஒருவர் மட்டும்," என்றாள் அவள்.

"ஒரே ஒரு சொல்லுச் சொல்லவேணும்."

"ஒரு சொல்லும் கூடாது."

மறைப்புக்குள் செல்வராசா பேனாவை எடுத்தார். இடுக்கால் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். ஜெயகாந்த் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மர வாங்கில் குந்தியிருந்தான். கட்டின பெண்சாதி பிள்ளைப்பேற்று அறைக்குள் இருக்கிறபோது வெளியே நிற்கிறவனின் முகம் அது. ஒரு வாக்குக்காக ஒரு மனிசன் இவ்வளவு உருகுவானா? இவனிடம் எத்தனை தரம் ஓடி ஒளிந்தோம் என்று நினைக்க அவருக்கு நெஞ்சு கரைந்துபோயிற்று. பஸ் வராவிட்டால் நடப்போம். ஜெயகாந்தின் பெயருக்கு நேரே அழுத்திப் புள்ளடி போட்டார்.

வால்ஷைனில் கையெழுத்து வைத்து, அதையும் நீலத்தையும் சிவப்புக்குள் வைத்து, எல்லாம் ஒழுங்காக ஒட்டிப் பெட்டிக்குள் போட்டார். பிறகு வாங்கடிக்கு வந்து மச்சானின் தோளைத் தட்டினார்.

"யோசிக்காதை. உனக்குத்தான் போட்டனான்."

கன்னம் துடிக்கவில்லை. ஜெயகாந்த் பெட்டியைப் பார்த்தான். அக்கா வருகிறாளா என்று வாசலைப் பார்த்தான். பிறகு அழமாட்டாக் குறையாகச் சொன்னான்:

"எனக்குப் போடாதையுங்கோ எண்டு கெஞ்சத்தானே அத்தான், இவ்வளவு நாளும் உங்களுக்குப் பின்னாலை திரிஞ்சனான்."