நாகேந்திரம் தன் கையால் செய்த கத்தி

பழைய பிடியைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும் என்று அந்த ஆங்கிலச் சஞ்சிகையில் போட்டிருந்தது. நாகேந்திரத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அப்போதும் பிடி கழலவில்லை. நெட்டுக்குப் பிளந்து, ஒரு பாதி அலுமாரிக்கு அடியில் போய் விழுந்தது.

அவர் கலங்கவில்லை. கொழும்புக் கோட்டையிலுள்ள ஒரு தேயிலைக் கம்பனியில் இருபத்தெட்டு வருடமாக எழுதுவினைஞராக இருந்த மனிதர், கலங்குவதற்கென்று தனியாக ஆட்கள் இருக்கிறார்கள் என்று நம்பினார். எப்படியும் மாற்ற வேண்டிய பிடிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பலாச்சுளை ஒன்றை வாயில் போட்டபடி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அடுத்த பக்கம் இல்லை. நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய சஞ்சிகை. நாலாம் கட்டத்துக்குப் பிறகு நேரே ஒன்பதாம் கட்டம் வந்தது. அதில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன், தன் வீட்டுப் பின்புறத்தில் செய்த கத்தியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தான். இடையில் என்ன நடந்திருக்கும் என்பதைப் புத்தியுள்ளவன் ஊகித்துக்கொள்ளலாம் என்பது நாகேந்திரத்தின் முடிவு.

இந்த வேலையில் அவர் இறங்கியதற்குக் காரணம் மனைவி கனகேஸ்வரி. ஞாயிற்றுக்கிழமை, கந்தோர் பியோன் கேகாலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பலாப்பழத்தை வெட்டும்போது, கத்தியின் பிடி ஆடுகிறது என்று அவள் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருந்தது. பழத்தை வெட்டி, அவர்கள் குடியிருந்த வெள்ளவத்தை ஒழுங்கையில் சிங்களவர், தமிழர், சோனகர் என்று ஒரு வீடு விடாமல் அனுப்பிவிட்டுத்தான் அன்றைக்கு அவள் குளித்தாள். புதன்கிழமை காலையில் தெஹிவளைக்குப் போனாள். அங்கே தங்கச்சி பத்மாவதியின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

காலி வீதி பஸ் தரிப்பில் வைத்து அவள் சொன்னது இவ்வளவுதான்: "குசினியில ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ. அந்தப் பெரிய கத்தியை மட்டும்..."

"எனக்குத் தெரியும், கனகம். நீர் பஸ்ஸில ஏறும்," என்று நாகேந்திரம் முடித்துவைத்தார்.

அவள் சொல்ல வந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அவர் திருத்திய தண்ணீர்க் குழாயால் கீழ்வீட்டுக்காரர் மூன்று நாள் குடை பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். அவர் திருத்திய இஸ்திரிப் பெட்டியால் மாடி முழுவதும் இருண்டது. "இந்தாள் தொட்டது உருப்பட்டதாச் சரித்திரமில்லை" என்று கனகேஸ்வரி வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லுவாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். ஆனாலும் அது அவருக்கு வலிக்கும். சனிக்கிழமை மத்தியானம் அவள் திரும்பி வரும்போது, ஒரு பொருளாவது உருப்பட்டது என்று அவள் வாயால் கேட்டுவிட வேண்டும். அதற்காகவே கந்தோருக்கு மூன்று நாள் லீவு போட்டிருந்தார்.

குசினிக்குள் அவர் தேடிப் போனபோது மூன்று கத்திகள் இருந்தன. கடதாசியில் சுற்றி யன்னலில் செருகியிருந்தது மீன் வெட்டுகிற மச்சக் கத்தி. வெள்ளிக்கிழமையில் கண்ணில்கூடப் படக்கூடாது என்று அது தனியே இருக்கும். சின்னது மரக்கறிக் கத்தி. மூன்றாவது, முழங்கை நீளத்தில் பலாப்பால் ஒட்டிக்கிடந்த பெரிய கத்தி. வீட்டில் இத்தனை கத்தி எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. குசினிப் பக்கம் போய்ப் பழக்கமிருந்தால்தானே யோசிப்பதற்கு.

பிடிக்குக் கிட்ட அலகில் வட்டமாக ஒரு சிங்கள எழுத்துக் கொத்தியிருந்தது. செய்த கொல்லனின் முத்திரையாக்கும் என்று நினைத்து, வெள்ளைக்காரனின் கத்தியில் அப்படி ஒன்று இல்லாதபடியால், அதை முதல் வேலையாக அரம் போட்டுத் தேய்த்து அழித்தார்.

புதுப் பிடிக்கு மரம் வேண்டும். கீழ்த்தளத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த தாஸிம், வீடு கூட்டுகிற தும்புத்தடியின் கட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது போதும் ஐயா. கத்திக்குப் பிடிதானே, கலியாண ஊட்டுக்குக் கதவா?" என்றார் அவர்.

நாகேந்திரம் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேலே போய், விறாந்தையில் கிடந்த தேக்குக் கதிரையின் முதுகுச் சட்டம் ஒன்றை வாளால் அறுத்தெடுத்தார். கதிரை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. கத்தி முடிந்த கையோடு கதிரையையும் பார்க்கலாம் என்று அதைச் சுவரோடு தள்ளி வைத்தார்.

மரத்தை இரண்டு துண்டாக்கி, ஓட்டை போட்டு, இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கிற பசையைத் தாராளமாகப் பூசி, அலகின் இருபுறமும் வைத்து நூலால் கட்டினார். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் மத்தியானச் செய்தி தொடங்கியது. எங்கே சண்டை, எங்கே ஊரடங்கு என்று கேட்டுவிட்டு வந்து பார்த்தால், பிடி இடதுபக்கமாகச் சரிந்து கல்லுப்போல் இறுகிக் கிடந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சுத்தியலின் தலை கழன்றது.

வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் கையைக் கழுவியிருப்பார். நாகேந்திரமோ பிடி நேராகத்தான் இருக்கிறது, அலகுதான் கோணல் என்று தீர்மானித்தார். அலகைப் பிடிக்கு ஏற்றபடி திருத்தினால் கணக்குச் சரியாகிவிடும்.

வியாழக்கிழமை பகல் முழுவதும் தாஸிமின் கடைப் பின்புறத்தில் சாணை மெசின் அலறியது. இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் தடித்துத் தெரிந்தது. அந்தப் பக்கம் தேய்த்தால் இந்தப் பக்கம். நடுவில் நுனி ஒடிந்தது. அதைச் சமாளிக்கக் கூராக்கினார். மாலையாகும்போது, மூன்று விரல் அகலமிருந்த அலகு ஒன்றரை விரலாக ஒடுங்கி, இரண்டு பக்கமும் விளிம்பேறி, சூட்டில் நீலம் பாய்ந்து நின்றது.

"சூடு புடிச்ச இரும்பு வெண்டைக்காயும் வெட்டாது," என்றார் தாஸிம்.

அதற்கும் சஞ்சிகையில் மருந்து இருந்தது. ஒன்பதாம் கட்டம்: சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கவும். என்ன எண்ணெய், எவ்வளவு என்பதெல்லாம் தொலைந்துபோன பக்கங்களில் இருந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை, கனகேஸ்வரியின் தாச்சியில் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயை ஊற்றி, கேஸ் அடுப்பில் அலகைச் சிவக்க வைத்து, நாகேந்திரம் ஆண்டவனை நினைத்துக்கொண்டு உள்ளே இறக்கினார்.

எழுந்த புகை குசினி யன்னலால் வெளியேறி, மாடிப்படி வழியாக மேலேயும் போய், ஒழுங்கைக்கும் இறங்கியது. மூன்றாம் மாடி வரதராசா குடும்பம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடையாள அட்டைகளும் பொலிஸ் பதிவுத் துண்டும் வைத்திருந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து பேரும் வரிசையாகப் படியிறங்கிவிட்டார்கள். ஒழுங்கை வாசலில் காவல் நின்ற ஆமிக்காரன் விசில் ஊதினான்.

"வடகம் பொரிச்சனான். கொஞ்சம் கருகிப்போச்சு," என்றார் நாகேந்திரம், கதவைப் பாதி திறந்து.

வரதராசா மூக்கை உறிஞ்சினார். என்ன வடகம் என்று கேட்க வாயெடுத்து, காலம் கிடக்கிற கிடைக்கு வேண்டாமென்று, குடும்பத்தை மறுபடி மேலே ஏற்றினார்.

ஆறிய பிறகு நாகேந்திரம் தம் கைவேலையைப் பார்த்தார். கன்னங்கரேலென்று, ஒடுங்கி, இருபுறமும் கூராக, பிடியில் கறுப்பு நூல் வரிந்து கட்டி, அச்சொட்டாக வெள்ளைக்காரனின் கத்தி. இருபத்தாறு வருடத்தில் அவர் கை வைத்து, நினைத்தபடி முடித்த முதல் பொருள் இதுதான். அவருக்கு நெஞ்சு நிறைந்தது. யாருக்காவது காட்டாமல் இருக்க முடியாமல் பழந்துணியில் சுற்றிக் கீழே கொண்டுபோனார்.

தாஸிம் துணியை ஒரு மூலையில் விலக்கிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

"ஐயா, நான் ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. இத எடுத்துக்கிட்டு நீங்க செக்பொயின்ட்ல ஆம்புட்டா, என்னத்துக்கு வெச்சீக்கிறீங்கண்டு கேப்பாங்க. பூசணிக்காய் வெட்டண்டு சொல்லுவீங்க. யாரு நம்புவா?"

மூன்று நாளில் முதல் தடவையாக நாகேந்திரம் கத்தியைக் கத்தியாகப் பார்த்தார். வெள்ளவத்தையில், ஒரு தமிழன் வீட்டில், இரண்டு பக்கம் கூரான கறுத்தக் கத்தி. தூக்கிப் போடுவதென்றால் கடலில்தான் போட வேண்டும். கடற்கரைக்குப் போகிற வழியில், ரெயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு காவலரண், அந்தப் பக்கம் ஒன்று. குப்பையில் போட்டால் கிளறிப் பார்க்கிறார்கள். அதோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், போடவும் அவருக்கு மனம் வரவில்லை. கனகேஸ்வரி ஒருமுறை பார்க்கட்டும், பிறகு என்னவாவது செய்யலாம் என்று அரிசி வாளிக்குள் முழங்கை ஆழத்தில் புதைத்து வைத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டுப்பட்டது.

பொலிஸ் சார்ஜன்ட் குணதிலக நின்றார். ஒழுங்கை முடக்கில் வாடகைக்குக் குடியிருப்பவர். எந்த வீட்டில் யார் யார், எந்த ஊர், எப்போது வந்தது என்ற பதிவுக் கோப்பு முழுவதும் அவர் கையில்தான். இன்றைக்குக் கோப்பு இல்லை. ஆனால் சீருடையில் இருந்தார். அதுவே நாகேந்திரத்துக்குப் போதுமாக இருந்தது.

"நோனா இல்லையா மாத்தயா?" என்று கனகேஸ்வரியை அவர் ஒழுங்கையில் பழகிய தமிழில் விசாரித்தார்.

தெஹிவளைக்குப் போன கதையையும், பிள்ளையின் நிறையையும், அது ஆண் பிள்ளை என்பதையும் நாகேந்திரம் கேட்காமலே ஒப்புவித்தார். சார்ஜன்ட் தலையாட்டிக்கொண்டு சுவரோரக் கதிரையில் உட்காரப் போனார். அதில் வேண்டாம் என்று நாகேந்திரம் பாய்ந்து மறித்தார். சார்ஜன்ட் கதிரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. கத்தி எங்கே?"

நாகேந்திரம் மனதுக்குள் ஆட்களை எண்ணினார். யார் சொல்லியிருப்பார்கள்? தாஸிமா, வரதராசாவா, புகையைப் பார்த்த ஆமிக்காரனா?

"என்ன கத்தி, சேர்? இந்த வீட்டில கத்தியே இல்லை."

"கத்தி இல்லாம எப்படிச் சமைக்கிறது?"

"கடைப் பாண்தான் சாப்பிடுறனான்."

சார்ஜன்ட் குசினி வாசலை எட்டிப் பார்த்தார். அங்கே கரி பிடித்த தாச்சியும், நிலத்தில் இரும்புத் தூளும், சிந்திய அரிசியும் கிடந்தன. அவர் கையை நீட்டினார். இனி மறைப்பதில் பிரயோசனமில்லை என்று நாகேந்திரத்துக்கு விளங்கியது. வாளிக்குள் கையை விட்டு, அரிசி உதிர உதிர அதை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். கனகேஸ்வரி வரும்போது வீட்டில் கத்தியும் இருக்காது, தானும் இருக்கப்போவதில்லை என்று நினைத்தார்.

சார்ஜன்ட் கத்தியைத் திருப்பிப் பார்த்தார். நூல் கட்டை நெருடினார். விளிம்பில் பெருவிரலை வைத்தார்.

"எங்கே வாங்கினது?"

இந்த இடத்தில் தெருவில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போனது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். நாகேந்திரத்தால் முடியவில்லை.

"வாங்கேல்லை, சேர். நானே செய்தனான். துடக்கத்தில இருந்து முடிவுவரைக்கும், என்ர கையால. மனுசிக்குக் காட்டத்தான்."

"மாத்தயாவா?" சார்ஜன்டின் புருவம் உயர்ந்தது. "நல்ல வேலை. கடையில எடுத்த மாதிரி இருக்கு."

அந்தப் பயத்துக்குள்ளும் நாகேந்திரத்துக்குக் கண் கலங்கியது. இருபத்தாறு வருடமாக அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை, வேறொருவர் வாயால் என்றாலும், வந்துவிட்டது. விலங்கு போடுவதானால் இப்போது போடட்டும் என்று கைகள் இரண்டையும் முன்னால் நீட்டினார்.

சார்ஜன்ட் அந்தக் கைகளில் கத்தியைப் பத்திரமாகத் திருப்பி வைத்தார்.

"இது மாத்தயாட கத்தி, உள்ளே வைங்க. இப்ப, போன ஞாயிற்றுக்கிழமை பலாப்பழம் வெட்ட உங்கட நோனா வாங்கிக்கொண்டு போன எங்கட பெரிய கத்தியைத் தாங்க. அது இல்லாம வந்தா வீட்டுக்குள்ள எடுக்க மாட்டன் எண்டு என்ட நோனா சொல்லி அனுப்பினது."