அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், சிஸ்டர்

மதிப்பிற்குரிய பிரசன்னா சிஸ்டர் அவர்களுக்கு,

உங்களிடம் டயாலிசிஸுக்கு வரும் ஹரிப்பாடு வல்சலாவின் மகள், ஒன்பதாம் வகுப்பு தீர்த்தா வணக்கத்துடன் எழுதுவது. நேற்று எங்கள் வீட்டில் நடந்தது முழுவதையும், எனக்குப் பாதகமானதையும் விடாமல், உண்மையாகப் பதிவு செய்யப் போகிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் அப்படி இல்லை.

சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்களுக்கான வகுப்பு இனி ஆன்லைனில் என்று நீங்கள் அறிவித்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். முன்பெல்லாம் கொடுப்பவரை மட்டும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்துவீர்கள். கூட வந்தவர்கள் வராந்தாவில் பரிப்புவடை தின்றுகொண்டிருப்போம். அறிவைப் பூட்டி வைக்கலாமா என்று எனக்கு வருத்தம். இம்முறை அச்சன், அதாவது என் அப்பா, கொடுப்பதாக இருப்பதால் அவர் போனுக்கு லிங்க் வந்தது. காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன் என்றார், நான் விடவில்லை, டிவியில் போட்டேன், சுகுணன் அம்மாவனையும் அவர் மனைவி ஷைலா அம்மாயியையும் வரவழைத்தேன், திரையில் உங்களைக் கண்டதும் அம்மாயி எழுந்து நின்று கும்பிட்டார்.

"அவங்களுக்கு நீ தெரிய மாட்டேடி, உக்காரு" என்றார் அம்மாவன்.

"தெரியலேன்னா மரியாதை இல்லையா?"

அம்மாவன் அம்மாவின் தம்பி, டயர் கடை வைத்திருக்கிறார். முதலில் கொடுக்க முன்வந்தவர் அவர்தான். ஓணத்துக்கு முன்பு நீங்கள் 'பொருந்தாது' என்று சொல்லிவிட்டீர்கள், காரணம் சொல்லவில்லை. கள்ளுதான் காரணம் என்று அவரே தீர்மானித்துக் கள்ளை விட்டார், பீடியை விட்டார், வெண்டைக்காயை உப்பில்லாமல் வேகவைத்துத் தின்றார், கோயில் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார், "இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணச் சொல்லு சேச்சி, இப்பப் பொருந்தும்" என்று அம்மாவிடம் கெஞ்சினார், நாங்களும் தேற்றிக்கொண்டே இருந்தோம்.

நீங்கள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொடுக்க மனசில்லேன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. வீட்டுல 'பொருந்தாது'ன்னு சொல்லிடுவோம். காரணம் சொல்ல மாட்டோம்" என்றீர்கள். டிவியின் சத்தத்தை நான் முழுவதுமாக வைத்திருந்தேன்.

அச்சன் மெல்ல அம்மாவன் பக்கம் திரும்பினார். "வெண்டைக்காயெல்லாம் தின்னியேடா அளியா. நடிப்புன்னா இதான்."

"கள்ளை விட்டுட்டாருன்னு பகவதிக்குப் பாயசம் வெச்சேனே" என்றார் அம்மாயி.

அம்மாவன் மறுக்கவே இல்லை. வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்தார். குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். "பாடத்தைக் கேளுங்க எல்லாரும்" என்றார் அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அம்மாவன் வெறுங்காலோடு இறங்கிப் போய்விட்டார். இனி அவன் இந்தப் படி ஏறக்கூடாது என்கிறார் அச்சன். அவர் செருப்பு இன்னும் எங்கள் வாசலில் கிடக்கிறது, அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன்.

ஆகவே சிஸ்டர், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வகுப்பிலிருந்து எடுத்து, பழைய அறையிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் நோயாளிகள் எல்லோருக்கும் பொருந்துகிறவர்கள் கிடைக்கட்டும் என்று பகவதியை வேண்டும்,

தீர்த்தா

பி.கு.: மேலே அம்மாவனைப் பற்றி எழுதியதை அடித்துவிடவும். செருப்பை எடுக்க இப்போதுதான் வந்தார். எடுக்காமல் நேரே உள்ளே வந்து, "நான் சிஸ்டர்கிட்ட ஒண்ணும் சொல்லலை. நீயா சேச்சி?" என்றார்.

"நான்தான் பொருந்தாதுன்னு சொல்லச் சொன்னேன். உனக்கு ரெண்டு பொண்ணுங்க. டயர் தூக்கித்தான் சோறு."

உங்களுக்கு இது முன்பே தெரியும் என்கிறார் அம்மா.

"சேட்டனோடது வாங்குவே, என்னோடது ஆகாதா?"

"அவரு என்னைக் கட்டினவரு. அனுபவிக்கட்டும்."

அச்சன் போய் அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வைத்தார்.

"ஓணத்துக்குக் கூடக் கள்ளைத் தொடலை, அதை யாரு திருப்பித் தருவா?" என்ற அம்மாவன் என் பக்கம் திரும்பி, "மோளே, அடுத்த வகுப்புக்கு என் பேரை எழுது" என்றார்.

"எழுதாதே" என்றார் அம்மா. நான் பேனாவை எடுத்ததும் எழுந்து சுவிட்ச் பக்கம் போய், "எப்படி எழுதறேன்னு பாக்கறேன்" என்றார். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்: பெயர் சுகுணன், வயது முப்பத்தாறு. அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.