வெட்டலாம் என்று சொன்ன நடுவர்

உலகத்தில் உள்ள சகலத்தையும் ஒன்றிலிருந்து இருபத்திரண்டுக்குள் அடக்கிவிட்ட ஒரே மனிதர் எங்கள் கள்ளக்குறிச்சி பிரிக்ஸ்தான். டீ, சினிமா, மாப்பிள்ளை, மழை, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு எண் இருந்தது.

சர்க்கரை ஆலையில் அவருக்குச் சீசன் வேலை. விளைந்த கரும்பைக் குத்தி, ஒரு சொட்டுச் சாற்றைக் குழாய் மாதிரி ஒரு கருவியில் விட்டு, ஒற்றைக் கண்ணை மூடி வெளிச்சத்தில் பார்ப்பார். இனிப்பு எத்தனை என்று அதில் தெரியும். அந்த அளவின் பெயர்தான் பிரிக்ஸ், அதுவே ஊரில் அவர் பெயரும் ஆகிவிட்டது. பதினெட்டைத் தாண்டினால் "வெட்டலாம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக விவசாயிகள் மாதக்கணக்கில் காத்துக்கிடப்பார்கள். சொல்லிச் சொல்லி, அவர் அகராதியில் உச்சபட்சப் பாராட்டே அதுவாகிவிட்டது. பிறந்த குழந்தையைக் காட்டினாலும் உற்றுப் பார்த்துவிட்டு "வெட்டலாம்" என்பார். தாய்க்காரி அலறிவிடுவாள்.

தியாகதுருகத்தில் ஒரு சாவு வீடு. ஒப்பாரியைக் கண்மூடிக் கேட்டுவிட்டு மனுஷன் சும்மா வந்திருக்கலாம். "மூணாவதா அழுவுறாங்களே, அந்தம்மா பத்தொம்பது. மத்தவங்களுக்குத் தண்ணி ஜாஸ்தி, சாறு கம்மி" என்று சொல்லித் தொலைத்தார். பங்காளிகள் துரத்தினார்கள். மூன்றாவதாக அழுத அம்மாள் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, "வுடுங்க, அவுரு ஞாயமாத்தான் சொன்னாரு" என்று குறுக்கே நின்றாராம்.

இப்படிப்பட்டவரை ஒரு பெரிய மேடைக்கு நடுவராக ஏற்றிவிட்ட பாவம் என்னுடையது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷம் அது. எங்கள் ஊரில் மாவட்ட விளையாட்டு விழா நடந்துகொண்டிருந்தது. நான் சைக்கிள் கடைக்காரன், வாய் நீளம் என்பதால் மைக்கை என் கையில் கொடுத்திருந்தார்கள். நிறைவு விழாவில் இசைப் போட்டி, முதல் பரிசு வாங்கும் குழுவுக்குச் சென்னை மேடை. கடலூரிலிருந்து வரவேண்டிய சங்கீத நடுவர்கள் உளுந்தூர்பேட்டையிலேயே நின்றுவிட்டார்கள். போராட்டக்காரர்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை.

"ஞாயமா மார்க் போடுற ஆளு ஒருத்தர் கீறாரு" என்று நான்தான் சொன்னேன்.

வந்தார். கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, காதைக் கழுவிக்கொண்டு வந்தார்.

முதலில் பள்ளிப் பெண்களின் கூட்டுப் பாட்டு. "அடி நல்லா கீது, நுனி சப்புனு பூட்ச்சி. பதினாலு." அடுத்து நைனார்பாளையத்து நாடகக்காரர் ஒருவர் அரைமணி நேரம் ஆலாபனை செய்தார். "காஞ்ச எல, சோகைதான் கட்டுக்கட்டா கீது, கரும்பக் காணோம். ஒம்பது." நாடகக்காரர் துண்டை உதறிவிட்டு இறங்கினார்.

கடைசியாகக் கல்வராயன் மலைக்காரர்கள். பஸ் இல்லாததால் மேளத்தையும் குழலையும் சுமந்து நடந்தே இறங்கியிருந்தார்கள். காலில் புழுதி அப்படியே இருந்தது. மேளத்தில் அடி விழுந்ததும் கபடி ஆடி முடித்த பையன்கள் வலியை மறந்து எழுந்து ஆடினார்கள். பிரிக்ஸ் நாற்காலி மேல் ஏறினார். என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"இருவத்தொண்ணு! வெட்டலாம்! இன்னிக்கே வெட்டலாம்! ஒண்ணு வுடாம வெட்டலாம்!"

மைதானத்தில் பாதிப் பேர் கரும்பு விவசாயிகள். அவர்களும் சேர்ந்துகொண்டு "வெட்டலாம்!" என்று கத்தினார்கள்.

பந்தோபஸ்துக்கு நின்ற இன்ஸ்பெக்டர் தெற்கத்திச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கரும்பை அவர் பொங்கலுக்கு மட்டும் பார்த்தவர். மரம் வெட்டுகிறவர்களைத் தேடித் தேடித் தூக்கமே இல்லாமல் இருந்தார். "ஏத்துடா அவன!" என்றார். ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

நானும் பின்னாடியே சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒன்பது வருஷம் சீசன் ஆளாகவே ஓட்டிய பிரிக்ஸுக்கு அந்த மாதம்தான் ஆலையின் நிரந்தரப் பட்டியலில் பெயர் வருவதாக இருந்தது. போலீஸ் கேஸ் என்று ஒன்று விழுந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"சார், வெட்டலாம்னா நல்லா கீதுன்னு அர்த்தம்" என்றேன்.

"எந்த ஊர்லய்யா?"

"எங்க ஊர்ல சார்." கரும்பு, கருவி, சாறு என்று மூச்சு விடாமல் விளக்கினேன். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை.

"மார்க் போடுறவன்தானே? நான் பாடுறேன், போடச் சொல்லு" என்றவர், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு முருகன் பாட்டை எடுத்தார். லாக்கப்பில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். நான் பிரிக்ஸின் காலை மிதித்தேன். பத்தொம்பது என்று சொல்லித் தொலையேன் என்று கண்ணால் கெஞ்சினேன்.

பிரிக்ஸ் ஒற்றைக் கண்ணை மூடினார். வேலை போகும் என்று அவருக்கும் தெரியும்.

"பன்னெண்டு சார். இன்னும் ரெண்டு மாசம் வயல்லயே வுடணும்."

ஏட்டையா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்தார். பிறகு, "என் வீட்டுக்காரியும் இதத்தான்யா சொல்றா. அவ நம்பர் போடல, அவ்வளவுதான்" என்று அதை மாட்டினார். "கேஸ் இல்ல. யாராச்சும் சொந்தக்காரன் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போ."

ஏட்டையா தாளை எடுத்தார். "பேரு?"

"சவரிமுத்துங்க" என்றார் பிரிக்ஸ், சன்னமாக. இத்தனை வருஷப் பழக்கத்தில் நானே அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டேன். யார் எந்தச் சாதி ஆள் என்று ஊரே ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

தாளில் 'உறவு' என்று ஒரு கட்டம். பேனாவை வாங்கி என் பெயரையும் போட்டு, அந்தக் கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தார். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், ஜீப்பில் ஏற்றிய இழுபறியில் பட்டன் பிய்ந்து வெளியே தெரிந்த பிரிக்ஸின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

"சவரிமுத்துக்குக் கோவிந்தசாமி கூடப்பொறந்த தம்பியாய்யா?"

"ஆமாங்க சார்" என்றேன். பிரிக்ஸ் என் தோளில் கை போட்டு, "சின்னவன் சார்" என்றார்.