நீலப் பெட்டியும் செவித் தேர்வும்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நீண்ட காலம் உருப்படியாக எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசியில் கோரஸ் பெடலைக் கண்டுபிடித்தது. இந்த வரலாற்று உண்மையைப் பெரியவர் பல கூட்டங்களில் விளக்கியிருக்கிறார். கூட்டங்கள் எல்லாம் அவர் வீட்டு முன்னறையில் நடந்தவை. வந்திருந்தவர்கள் அவர் குடும்பத்தார். எழுந்துபோக வழியில்லாதவர்கள்.

அறியாதவர்களுக்காக: கோரஸ் பெடல் என்பது மின்சாரக் கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் கிடக்கும் சிறு பெட்டி. காலால் மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும். கிட்டாரின் ஒலியை ஒரு நகல் எடுத்து, அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, கொஞ்சம் சுருதி பிசகவிட்டு, அசலோடு சேர்த்து அனுப்பும். வாசிப்பவர் ஒருவர்தான், நாலு பேர் சேர்ந்து வாசிப்பதாகக் கேட்கும். குடும்பத் தலைவராக இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி உண்டா என்று பெரியவர் கேட்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். மௌனம் சம்மதம் என்று அவர் வைத்திருக்கும் தீர்மானக் குறிப்பேட்டில் ஏறிவிடும்.

அதிலும் பழைய பெட்டி. புதுப் பெட்டிகளில் எல்லாம் கணினிக் கணக்கு. நகல் சுத்தமாக இருக்கும். "சுத்தமாக இருக்கிறதே, அதுதான் குறை" என்பார் பெரியவர். பழைய பெட்டியில் இருக்கும் 'சிப்' என்கிற சில்லு, ஒலியை வாளித் தண்ணீர் மாதிரி கை மாற்றிக் கை மாற்றி அனுப்புகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு சொட்டு சிந்துகிறது. அந்தச் சிந்தலில்தான் "இதம்" இருக்கிறது, "ஆழம்" இருக்கிறது, "ஈரம்" இருக்கிறது. இந்த மூன்று சொற்களையும் அவர் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். குடும்பத்தார் அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

சில குடும்பங்களுக்கு நிலம் உண்டு. சிலவற்றுக்குப் பட்டம் உண்டு. பெரியவர் குடும்பத்துக்கு நீலப் பெட்டி உண்டு. அலுவலக மனமகிழ் மன்றத்து இசைக்குழுவில் வாசித்த நாளில் வாங்கியது. முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் அதற்கு ஒரு முறை உடம்புக்கு முடியாமல் போனது. ரேடியோ பழுதுபார்க்கும் அவர் தம்பி அதை எடுத்துப்போய் மறுநாளே சரிசெய்து கொண்டுவந்தார். அன்று மாலையே பெரியவர் அதன் நான்கு திருகாணிகளின் மீதும் அரக்கு உருக்கி ஊற்றி, தன் முத்திரையைக் குத்திவிட்டார். இனி அதில் எவர் கையும் படக்கூடாது.

முத்திரை குத்துவது அவருக்குக் கை வந்த வேலை. எடை அளவுத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் காரணம் எழுதிய சிவப்பு அட்டை. ஒரு முறை, கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருந்த ஒரு தராசுக்கு அவர் எழுதிய "பார்வைக்கு நன்று, எடை காட்டாது" என்ற வாசகம் துறையில் பல காலம் பேசப்பட்டது. அவரால் பேசப்பட்டது.

பழுதுபார்த்த பிறகு பெட்டியின் ஒலி இன்னும் மேம்பட்டுவிட்டது என்பது அவருடைய ஆய்வு முடிவு. "முன்னாடி கொஞ்சம் ஆடம்பரமா இருந்துது. இப்ப அடக்கம் வந்திருக்கு, கவனிச்சியா?" என்று தம்பியைக் கேட்டார். தம்பி, கவனித்ததாகச் சொல்லிவிட்டு வேகமாகக் கிளம்பிவிட்டார்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்குள் கண்டவர்கள் எல்லாம் மாப்பிள்ளையாக நுழைந்துவிட முடியுமா? அதற்காக ஏற்படுத்தப்பட்டதுதான் "செவித் தேர்வு". முன்னறையில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டுவார்கள். பின்னால் பெரியவர் கிட்டாரோடு உட்கார்வார். ஒரே சுரக்கோவையை ஆறு முறை வாசிப்பார். சில முறை பெட்டியை மிதித்து, சில முறை மிதிக்காமல். முன்னால் உட்கார்ந்திருப்பவர், எது எது பெட்டி என்று தாளில் எழுத வேண்டும். ஐந்துக்குக் குறைந்தால் பெண் கிடையாது.

மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்க்கும் மூத்த மாப்பிள்ளை, தன் காலத்தில் ஆறுக்கு ஆறு எடுத்தவர். தேர்வு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, அந்த ஈரம்!" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் எது சொன்னாலும் அந்த வீட்டில் எடுபட்டது.

இப்போது இளைய மகளின் முறை. அவள் பல் மருத்துவர். அவள் கட்டிக்கொள்ள விரும்பியவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர். எல்லா ஒலியையும் கணினியில் போட்டுக் கழுவி எடுப்பவர். பெரியவருக்கு அதிலேயே பாதி நம்பிக்கை போய்விட்டது.

"அப்பா, இந்தத் தேர்வெல்லாம் வேண்டாம்பா. அவர் பொய் சொல்லத் தெரியாதவர்."

"பொய் சொல்லத் தெரியாதவருக்கு என்ன பயம்? உங்க அத்தானைப் பாரு, ஆறுக்கு ஆறு!"

"அவர் தோத்தா?"

"குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல."

"சரி. அவர் தோத்தா நானும் தோத்தவதான். அவரோட நானும் கிளம்பிடுவேன். அப்புறம் அந்தப் பெட்டிக்கே அப்பாவா இருங்க."

பெரியவர் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் விதி விதிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திரை கட்டப்பட்டது. பெரியவரின் மனைவி, தம்பி, மூத்த மாப்பிள்ளை மூவரும் "பார்வையாளர் குழு"வாகச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஒலிப்பதிவுக்காரர் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். மூத்த மாப்பிள்ளை குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

"பார்வையாளர்கள் பேசக்கூடாது!" என்றது திரை.

"வாழ்த்து சொன்னேன் மாமா."

பெரியவர் வாசித்தார். பெட்டியின் மேல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு குமிழ்களையும் அதிகாலையிலேயே அரை மயிரிழை அளவு நகர்த்தி வைத்திருந்தார். முதல் முறை, மிதிக்காமல். இரண்டாம் முறை, மிதித்து. ஆகா, என்ன இதம்! இந்த வித்தியாசம் கேட்காத காதும் ஒரு காதா? மகளை நினைத்துக்கொண்டு, மூன்றாம் முறை கொஞ்சம் அழுத்தமாகவே மிதித்தார். அந்தப் பையன் எப்படியாவது கண்டுபிடித்துவிடட்டும் என்று அவர் மனசு வேண்டியது. அதை அவர் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

ஆறும் முடிந்தது. திரை விலகியது. ஒலிப்பதிவுக்காரர் இன்னும் கண்ணை மூடியபடியே இருந்தார். பிறகு திறந்து, தாளை நீட்டினார். ஆறு வரியிலும் ஒரே வார்த்தை: இல்லை. இல்லை. இல்லை. இல்லை. இல்லை. இல்லை.

"என்ன இது?"

"ஆறு தடவையும் ஒண்ணுதான் சார். கோரஸ் ஒரு தடவைகூட வரல."

மகள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ஏங்க, சொன்னேனே, கண்ணைத் திறந்து வெச்சுக்கங்கன்னு!" என்று மூத்த மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேக்க எனக்கு வராதுங்க. தொழில் பழக்கம்."

பெரியவர் மெதுவாகத் திரும்பினார். "மாப்பிள்ளை, காதால் கேக்கற தேர்வுக்குக் கண் எதுக்கு?"

மூத்த மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பதினோரு வருடமாகச் சுமந்தது போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். "போர்வை மெல்லிசு மாமா. நீங்க மிதிச்சா, கீழ சிவப்பா ஒரு புள்ளி தெரியும்."

"அப்ப அந்தக் கண்ணீர்?"

"ஜலதோஷம் மாமா."

பெரியவர் நிமிர்ந்தார். மாப்பிள்ளை கண்ணால் பார்த்திருக்கலாம். அதனால் பெட்டியின் பெருமைக்கு என்ன குறை? அவர் ஒலிப்பதிவுக்காரரிடம் சொன்னார்: "உங்க காதுல குறை. பெட்டியில இல்ல. அது முத்திரை வெச்ச பெட்டி."

"இருக்கலாம் சார். திறந்து பாத்தா தெரிஞ்சுடும்."

"முத்திரையை உடைக்கறதா!"

"நீங்கதானேப்பா சொல்லுவீங்க," என்றாள் மகள் வாசலில் நின்றபடி. "முத்திரை வெச்ச தராசு மேல புகார் வந்தா, புகார் கொடுத்தவர் முன்னாடியே உடைச்சுப் பாக்கணும். எத்தனை கடைக்காரர் அழுதாங்கன்னு கதை கதையாச் சொல்லியிருக்கீங்களே."

சொல்லியிருந்தார். சாப்பிடும்போதெல்லாம் சொல்லியிருந்தார். தன் விதி தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு நேர்மையான அதிகாரி என்ன செய்ய முடியும்? திருப்புளி கொண்டுவரச் சொன்னார்.

"அண்ணா, வேண்டாமே," என்றார் தம்பி. அவர் குரல் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் சுருதி பிசகி வந்தது.

அரக்கு நொறுங்கியது. நான்கு திருகாணிகள் கழன்றன. மூடி திறந்தது.

உள்ளே ஒலி நுழையும் துளையிலிருந்து வெளியேறும் துளைக்கு ஒரே ஒரு ஒயர் நேராகப் போயிற்று. பக்கத்தில், மிதித்தால் எரிவதற்கென்று விளக்குக்குத் தனியாக ஒரு இணைப்பு. இரண்டு குமிழ்களும் எதனோடும் சேராமல் சும்மா சுற்றின. சில்லு இருந்த இடத்தில் மடித்துவைத்த ஒரு தாள். பெரியவர் பிரித்துப் படித்தார். "அண்ணா, மன்னிக்கவும். சில்லு எரிந்துவிட்டது. மாற்று கிடைக்கும்வரை இது தற்காலிக ஏற்பாடு." கீழே முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி.

"மறுநாள் உங்க கச்சேரி இருந்துது," என்றார் தம்பி. "அடுத்த வாரம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க அரக்கு வெச்சிட்டீங்க."

"முப்பத்தோரு வருஷமா?"

"அப்புறம் நீங்க அடக்கம் வந்திருக்குன்னு சொன்னீங்க. எனக்குச் சொல்ல வாய் வரல அண்ணா."

பெரியவர் மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே சொல்லிட்டார்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எதுக்குங்க? நீங்க மிதிச்சீங்க, லைட் எரிஞ்சுது, முகத்துல ஒரு சந்தோஷம். நாங்களும் எங்க வேலையைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருந்தோம். ஒரு பெட்டிதான்னு இல்ல, எல்லாமே அப்படித்தானே நடக்குது?"

"எல்லாமேன்னா?"

"போன வருஷம் வீட்டுக்கு வெள்ளைதான் அடிக்கணும்னு தீர்மானம் போட்டீங்களே. சுவரைப் பாருங்க."

பெரியவர் சுவரைப் பார்த்தார். இளம்பச்சை. நான்கு பக்கமும் இளம்பச்சை. ஓர் ஆண்டு முழுக்க அதன் நடுவில் உட்கார்ந்து அவர் தினமும் செய்தித்தாள் படித்திருக்கிறார்.

பிறகு அவர் செய்ததுதான் அவருடைய பெருந்தன்மை. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். கணீரென்று வாசித்தபடியே எழுதினார்: "இல்லாத ஒலியை இல்லை என்று சொன்ன ஒரே காது என்ற முறையில், ஒலிப்பதிவுக்காரர் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்படுகிறது. மூத்த மாப்பிள்ளையின் ஆறு மதிப்பெண்ணும் ரத்து. திருமணத்துக்கு அனுமதி வழங்கப்படுகிறது."

மனைவி தலையாட்டினார். தம்பி தலையாட்டினார். மூத்த மாப்பிள்ளை, "அருமை மாமா!" என்றார். மகள் கைப்பையைக் கழற்றிவிட்டு வந்து அப்பாவின் தோளைத் தொட்டாள். பெரியவர் "ஒருமனதாக" என்று எழுதப் போனார். பேனா நின்றது. இத்தனை தலைகள் ஒரே நேரத்தில் ஆடுவதை அவர் முப்பத்தோரு ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார், இன்றைக்குத்தான் கவனித்தார். தலையாட்டாதவர் ஒருவர் மட்டும் இருந்தார்: ஒலிப்பதிவுக்காரர்.

"நீங்க சொல்லுங்க. நான் போட்ட இந்தத் தீர்மானத்தால ஏதாவது நடக்குமா?"

மகள் ஒலிப்பதிவுக்காரரைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். பாவம், அவருக்குத்தான் கண் விஷயம் சரிப்பட்டு வராதே.

"கல்யாணத்தைப் பதிவு பண்ண தேதி வாங்கி ஒரு மாசம் ஆச்சு சார். நீங்க வருவீங்களா மாட்டீங்களாங்கறது மட்டும்தான் தெரியாம இருந்துது. அதுக்குத்தான் இவங்க தினமும் அழுதாங்க."

பெரியவர் குறிப்பேட்டை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு "அனுமதி வழங்கப்படுகிறது" என்பதை அடித்துவிட்டு, "வருகிறேன்" என்று எழுதினார். அந்தக் குறிப்பேட்டில் நிறைவேறப்போகும் முதல் தீர்மானம் அதுதான்.

"சில்லு இப்ப கிடைக்குது சார்," என்றார் ஒலிப்பதிவுக்காரர். "ரெண்டு நாள்ல பெட்டியைச் சரி பண்ணிடலாம்."

"பெட்டியை எடுத்துட்டுப் போங்க. அதுல பிரச்சினை சின்னது."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து, ஓய்வு பெற்ற நாளில் கையோடு கொண்டுவந்த பழைய சிவப்பு அட்டை ஒன்றை எடுத்தார். நல்ல கையெழுத்தில் காரணத்தை எழுதினார். பெட்டிக்குத்தான் கட்டப்போகிறார் என்று தம்பி நூல் கொண்டுவந்து நீட்டினார். பெரியவர் நூலை வாங்கி, முன்னறையின் நடுவில் இருந்த தன் சாய்வு நாற்காலியின் கைப்பிடியில் அட்டையைக் கட்டினார்.

பார்வைக்கு நன்று, எடை காட்டாது.

மனைவி கிட்டே வந்து படித்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"இன்னொரு முடிச்சு போடுங்க," என்றார். "நீங்க உக்காந்தா அவிழ்ந்துடும்."